விபத்தன்று உடனிருந்தவர்களைத் தேடிப் போகும் குடும்பங்களுக்கு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை பக்கம் விபத்து. வீடு தூத்துக்குடியில் என்று வைத்துக்கொள்வோம். தகவல் வந்து, கார் பிடித்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நீங்கள் வந்து சேர ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். அதுவரை உங்கள் வீட்டுப் பிள்ளையோடு இருந்தவர்கள் யாரோ. டீக்கடைக்காரர் 108-க்கு அடித்திருப்பார். ஒரு அம்மா தன் சேலையை மடித்துத் தலைக்கு வைத்திருப்பார். ஒரு பையன் பர்ஸையும் போனையும் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, "அப்பா" என்று பதிந்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருப்பான். பிள்ளை இறந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர்களை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சரியான எண்ணம். ஆனால் எப்படிப் போவது என்று தெரியாமல் போனால் அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தேவையில்லாத கலக்கம் வரும்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது, அவர்களுக்கு உங்களைக் கண்டால் பயம் என்பதை. "கேஸ் விஷயமா வந்திருக்காங்களோ, சாட்சி சொல்லக் கூப்பிடுவாங்களோ, ஏதாவது காணோம்னு கேப்பாங்களோ" என்றுதான் முதல் நினைப்பு ஓடும். கீழே உள்ள பாதி யோசனைகள் இந்தப் பயத்தை எடுப்பதற்காகவே.

முதல் வாரத்திலேயே குறித்துவைக்க வேண்டியவை

போவது பிறகு இருக்கட்டும், பெயர்களை இப்போதே எழுதுங்கள். செய்தி வந்த அன்று உங்கள் போனுக்கு வந்த தெரியாத எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் நேரத்தோடு எழுதிவிடுங்கள். அழைப்புப் பட்டியலில் பழையவை தானாக அழிந்துகொண்டே போகும். துக்கம் கேட்டு வரும் நூற்றுக்கணக்கான அழைப்புகளில் அந்த ஒரு எண் காணாமல் போவது சகஜம். இறந்தவரின் போன் கையில் இருந்தால் அதிலிருந்து கடைசியாகப் போன அழைப்புகளையும் பாருங்கள். உதவியவர்கள் பெரும்பாலும் அந்தப் போனிலிருந்தே கூப்பிட்டிருப்பார்கள்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு, எல்லோரும் "ஏ.ஆர். காப்பி" என்பார்கள். இழப்பீட்டு வழக்குக்காக எப்படியும் வாங்குவீர்கள். அதில் அழைத்து வந்தவர் யார் என்று ஒரு இடம் இருக்கும். பல நேரம் "108" என்று மட்டும் எழுதியிருக்கும். சில நேரம் ஒரு மனிதரின் பெயரும் ஊரும் இருக்கும். காயங்களின் பட்டியலைத் தேடும் கண்ணுக்கு அந்த வரி படாது.

முதல் தகவல் அறிக்கையில் புகார் கொடுத்தவர் பெயர் இருக்கும். பிரேத விசாரணை அறிக்கையில் பஞ்சாயத்தார்கள் என்று, அதாவது விசாரணையின்போது உடனிருந்தவர்கள் என்று, சிலர் கையெழுத்து போட்டிருப்பார்கள். அவர்களில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் இருக்கலாம், பிணவறை வாசலில் நின்ற உங்கள் உறவினர்களும் இருக்கலாம். பெயரைப் பார்த்ததும் இவர்தான் உதவியவர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

காவல் நிலையத்தில் "யாரு சார் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தது, நம்பர் கொடுங்க" என்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் இதற்குத்தான். விபத்தில் உதவியவர் தன் பெயர், முகவரியைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் கேட்பதை மாற்றிக் கேளுங்கள். உங்கள் பெயர், எண், "கேஸ் சம்பந்தமில்லை, பார்த்து ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்ற வரி, மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஏட்டய்யாவிடம் கொடுத்து, உதவியவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் அதுவே பதில். மறுபடி போய் நிற்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி அந்த இடத்து டீக்கடை, பஞ்சர் கடை. வழக்கு வேலையாக அந்தப் பக்கம் போகும் உறவினர் ஒருவர் தனியாகப் போய் ஒரு டீ குடித்தால் போதும், பத்து நிமிடத்தில் எல்லாப் பெயரும் வந்துவிடும். அப்போதே ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: அன்றைக்கு யார் யார் இருந்தார்கள்? கூப்பிட்டவர் மட்டுமல்ல, டார்ச் பிடித்தவர், வண்டிகளை ஒதுக்கிவிட்டவர், பையைக் காத்தவர், தண்ணீர் கொண்டுவந்த வீடு, உங்கள் வீட்டுப் பெண்கள் வந்தபோது கழிவறையைத் திறந்துவிட்ட வீடு. சின்ன ஊரில் ஒரு வீட்டுக்குச் சேலை போய் அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால் அந்தச் சங்கடம் நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே கிடக்கும்.

உதவ வண்டியை நிறுத்தி இறங்கிய லாரி டிரைவரைக் கண்டுபிடிப்பது மட்டும் கஷ்டம். சுங்கச்சாவடி கேமராப் பதிவைத் தனியாருக்குக் காட்ட மாட்டார்கள். டீக்கடையில் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த வழியில் ஓடுகிறவராக இருந்தால் மறுபடி டீ குடிக்க வருவார். அதற்கு மேல் தேட வேண்டாம்.

நாள், நேரம், ஆள்

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் போகவே கூடாது. தீட்டோடு வந்தார்கள் என்ற பேச்சு உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாவிட்டாலும் அந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தோன்றும். முப்பதாம் நாள் முடிந்து, மூன்று மாதத்துக்குள் போவது நல்லது. ஒரு வருடம் தள்ளித் தலைத்திவசத்தை ஒட்டிப் போகும் குடும்பங்களும் உண்டு. ஆனால் அதற்குள் 108 ஊழியர்கள் வேறு ஊருக்கு மாறியிருப்பார்கள், டீக்கடை கைமாறியிருக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம். துக்கம் சம்பந்தப்பட்டவர்கள் அந்த நாட்களில் வாசல் ஏறுவதைப் பலர் விரும்புவதில்லை. ஞாயிறன்று ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். புதன் அல்லது வியாழன் காலை 10.30 முதல் 12 மணி வரை நல்ல நேரம். புதனுக்கு ராகு காலம் 12-க்கும் வியாழனுக்கு 1.30-க்கும்தான் தொடங்கும், டீக்கடையிலும் காலைக் கூட்டம் ஓய்ந்திருக்கும். அறுவடை நேரமா என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கூலி விட்டு உட்கார்ந்து உங்களோடு பேசுகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

நான்கு பேர், ஒரு கார். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வேன் நிறைய ஆள் போய் இறங்கினால் அந்தத் தெரு முழுக்க என்ன ஏதென்று கூடிவிடும், வீட்டில் உட்கார இடம் இருக்காது, இருபது பேருக்கு டீ போட அந்த அம்மா பால் வாங்க ஓட வேண்டியிருக்கும். பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர், இறந்தவருக்கு நெருங்கியவர் இருவர், வழி தெரிந்தவர் ஒருவர். தாயோ மனைவியோ வர விரும்பினால் மட்டும் வரட்டும். "வரணும், அதுதான் மரியாதை" என்று இழுக்காதீர்கள். குழந்தைகள் வேண்டாம். வண்டியை வீட்டு ஆட்கள் ஓட்டக் கூடாது. அதே சாலை, அதே இடம் வரும்போது கை நடுங்கும். தெரிந்த டிரைவர் ஒருவரை அமர்த்துங்கள். இரவுப் பயணத்தைத் தவிருங்கள். முந்தின நாளே கிளம்பி விழுப்புரத்திலோ திருச்சியிலோ தங்கிவிட்டால் காலையில் தெம்பாகப் போகலாம்.

போனில் சொல்ல வேண்டியது

சொல்லாமல் போய் நிற்கவே கூடாது. நான்கைந்து நாள் முன்னால், இரவு எட்டு மணி வாக்கில் கூப்பிடுங்கள். முதல் மூச்சிலேயே பயத்தை எடுத்துவிட வேண்டும்:

"அண்ணா, வணக்கம். தூத்துக்குடியிலருந்து பேசுறோம். போன மாசம் உங்க கடைகிட்ட ஆக்ஸிடென்ட் ஆச்சில்ல, அந்தப் பையனோட மாமா நான். கேஸ் விஷயமா இல்லண்ணா, சாட்சிக்கும் கூப்பிடல. அன்னைக்கு நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. ஒரு தடவ நேர்ல பாத்துட்டுப் போலாம்னு அக்கா ஆசப்படுது. ஒரு அரை மணி நேரம். வீட்டுக்கு வரலாமா, கடைக்கே வந்துரட்டுமா?"

கடைசிக் கேள்வி முக்கியம். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கலாம், பத்து நாளில் கல்யாணம் இருக்கலாம், துக்க வீட்டார் வாசல் மிதிப்பதை மாமியார் விரும்பாமல் இருக்கலாம். "வீட்டுல நல்ல காரியம் ஏதும் இருக்காண்ணா?" என்று நீங்களே கேட்டுவிட்டால் அவர் வாய் திறந்து மறுக்க வேண்டிய சங்கடம் இருக்காது. "கடைக்கே வந்துருங்க" என்றால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

"அதெல்லாம் வேணாம்ணா, மனுசனுக்கு மனுசன் செய்யறதுதானே" என்று முதல் முறை எல்லோரும்தான் சொல்வார்கள். இன்னொரு முறை கேட்கலாம். இரண்டாவது முறையும் அதே பதில் என்றால் விட்டுவிடுங்கள். அந்த இரவை மறக்க முயல்கிறவராக இருக்கலாம்.

கையில் என்ன

தாம்பூலத் தட்டு, மஞ்சள் குங்குமம், பெட்டி இனிப்பு, மூன்றும் வேண்டாம். வருடம் திரும்பாத வீட்டிலிருந்து இனிப்பு வந்தால் வாங்குகிறவர்களுக்கே தர்மசங்கடம். பழமும் துணியும் போதும். ஒரு வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், ஒன்றரைக் கிலோ அளவுக்கு ஆப்பிள், ஆரஞ்சு. ஆணுக்கு வேட்டி துண்டு. வேட்டி எட்டு முழமாக இருக்கட்டும், நாலு முழம் அவ்வளவு மதிப்பாக இருக்காது. பெண்ணுக்கு அடர் நிறக் காட்டன் சேலை, ரவிக்கைத் துணியோடு சேர்ந்தது, அதாவது ஆறே கால் மீட்டர் அளவில் வருவது. வெள்ளையும் கறுப்பும் எடுக்க வேண்டாம். எண்ணி வைத்ததற்கு மேல் நான்கு செட் அதிகமாக வண்டியில் இருக்கட்டும். "அன்னைக்கு எங்க அண்ணனும்தான் கூட இருந்தாரு" என்று கட்டாயம் ஒருவர் வருவார். உண்மையா என்று விசாரிக்காதீர்கள், கொடுத்துவிடுங்கள்.

அன்றைக்குத் தன் சேலையையோ போர்வையையோ கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் அவருக்கு அதையே வாங்குங்கள். போர்வை கொடுத்தவருக்குப் போர்வை. அது ரத்தத்தோடு மருத்துவமனைக் குப்பைக்குப் போயிருக்கும். திரும்பக் கேட்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

பணத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. போலீஸ் குற்றப்பத்திரிகையில் இவர் சாட்சியாக இருக்கிறாரா என்று முதலில் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். சாட்சிப் பட்டியலில் இருந்தால் அவர் சாட்சி சொல்லி முடிக்கும் வரை பணமோ துணியோ எதுவும் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில் "இந்தக் குடும்பத்திடம் என்ன வாங்கினீர்கள்?" என்ற கேள்வி வந்தால், உதவி செய்த மனிதர் கூண்டில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும், உங்கள் வழக்கும் கெடும். போய்க் கும்பிட்டுவிட்டு மட்டும் வரலாம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல்.

சாட்சி இல்லை என்றால், கைக்காசு போட்டுச் செலவழித்தவருக்கு அந்தச் செலவைத் திருப்புவது நியாயம்: ஆட்டோ வாடகை, பெட்ரோல், மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். நீங்களே உத்தேசமாகக் கணக்குப் போட்டு, கொஞ்சம் கூட்டி, கவரில் வைத்து "பிள்ளைங்களுக்கு" என்று வீட்டம்மாவிடம் கொடுங்கள். மறுத்தால் ஒரு முறை வற்புறுத்தலாம், இரண்டாம் முறை கூடாது. உயிருக்கு விலை வைக்கிற மாதிரி பெரிய தொகை எடுத்துப்போகாதீர்கள்.

அரசே தரும் வெகுமதியும் உண்டு. விபத்துக்குள்ளானவரை "பொன்னான நேரம்" என்று சொல்லும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தவருக்கு ஒன்றிய அரசு 2021-இல் 5,000 ரூபாய் அறிவித்தது. 2025-இல் அது 25,000 ஆனது. அடிபட்டவர் பின்னர் சிகிச்சையில் இறந்திருந்தாலும் இது பொருந்தும். காவல் நிலையத்திலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் பரிந்துரை போக வேண்டும். பலருக்கு இது தெரியவே தெரியாது. அவர் சம்மதித்தால் உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். சம்மதம் இல்லாமல் அவர் பெயரை எங்கும் எழுதாதீர்கள்.

உள்ளே போனதும்

பேச்சுத் தமிழில் "நன்றி" என்ற சொல் கொஞ்சம் மேடைச் சொல். அந்தத் திண்ணையில் அது ஒட்டாது. "எங்க புள்ளைகூட நாங்க இல்ல, நீங்க இருந்தீங்க" என்றால் போதும். வயதில் மூத்தவர்கள் சின்னவர்கள் காலில் விழப் போவார்கள். தடுத்துவிடுங்கள், அது அவர்களைக் கூசவைக்கும். இரு கையெடுத்துக் கும்பிடுவதே நிறைவு.

தண்ணீர் கொடுப்பார்கள், டீ போடுவார்கள். வாங்கிக் குடியுங்கள். "இப்பத்தான் குடிச்சோம்" என்று தட்டினால் அது எந்தச் சாதி என்று பார்த்துத் தட்டியதாகத்தான் அந்த வீட்டில் படும், உங்கள் மனதில் அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும். இறந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த வீடாகவும் அது இருக்கலாம்.

ஒரு படம் எடுத்துப் போங்கள். மாலை போட்ட பெரிய படம் வேண்டாம். அஞ்சல் அட்டை அளவில், சிரித்துக்கொண்டு இருக்கும் சாதாரணப் படம். அந்த முகத்தை அவர்கள் ஒரே ஒரு கோலத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். படத்தைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் கேட்பது "என்ன வேலை பாத்தாரு, எத்தன பிள்ளைங்க?" என்றுதான். அதற்குப் பதில் சொல்லும் நேரம்தான் இந்தப் பயணத்தில் அவர்களுக்கு மிச்சமாவது, அவசரப்படாமல் சொல்லுங்கள். படத்தை அவர்களிடமே விட்டுவரலாமா என்று கேளுங்கள். சிலர் வைத்துக்கொள்வார்கள், சிலர் வீட்டில் வைக்கத் தயங்குவார்கள்.

கடைசி நிமிடங்களைப் பற்றி யார் கேட்கப் போகிறீர்கள் என்று கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். "ரொம்ப வலி பட்டாரா?", "ஏதாவது சொன்னாரா?" போன்றவற்றைத் தாய் இருக்கும் இடத்தில் கேட்கக் கூடாது. தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவர் மட்டும், கடை ஓரமாகத் தனியாகக் கேட்கட்டும். பதில் எதுவாக இருந்தாலும் தாங்க முடிகிறவராக இருக்க வேண்டும். அவர்கள் தாங்களாகவே பேச ஆரம்பித்து, "இன்னும் பத்து நிமிசம் முன்னால வண்டி வந்திருந்தா..." என்று தங்களையே நொந்துகொள்வதும் உண்டு. அந்தக் குற்ற உணர்வை அங்கேயே தீர்த்துவிட்டு வர வேண்டும். டாக்டர் உங்களிடம் சொன்னது எதுவோ அதைச் சொல்லுங்கள்: "தலையில அடி. யாரு என்ன பண்ணியிருந்தாலும் காப்பாத்த முடிஞ்சிருக்காதுன்னுதான் டாக்டர் சொன்னாரு." டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்றால் கதை கட்ட வேண்டாம், "நீங்க செஞ்சதுக்கு மேல யாராலயும் செய்ய முடியாது" என்றால் போதும். தண்ணீர் கொடுத்தது தப்பு, தூக்கிய விதம் தப்பு என்று பின்னால் எங்கோ படித்ததை எடுத்துப் பேசவே கூடாது.

காணாமல் போன மோதிரம், செயின், போன் பற்றி அன்றைக்கு வாயே திறக்காதீர்கள். ஜாடையாகக்கூட வேண்டாம். அது காவல் நிலையத்தில் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு முறை கேட்டுவிட்டால் துணியும் பழமும் கும்பிடும் எல்லாம் வீண். அடுத்த விபத்தில் அந்தத் தெருவில் கதவு திறக்காது.

வீடியோ எடுக்க வேண்டாம், ஸ்டேட்டஸில் போட வேண்டாம். அவர்களே சேர்ந்து ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி என்று சொன்னால் அரை மணியில் எழுந்துவிடுங்கள். துக்க வீட்டில்தான் சொல்லாமல் கிளம்புவோம். இது துக்க வீடு அல்ல. "வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள்

108-இல் இரண்டு பேர் வந்திருப்பார்கள்: மருத்துவ உதவியாளர் ஒருவர், "பைலட்" என்று சொல்லும் ஓட்டுநர் ஒருவர். வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்தது 155377 அமரர் ஊர்தி என்றால் அதன் ஓட்டுநரும் இருக்கிறார். எட்டு மணி நேரம் உங்களோடு வந்தவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிணவறை ஊழியர், வார்டு உதவியாளர், எழுத்து வேலை பார்த்த காவலர் என்று பட்டியல் நீளும்.

இவர்களுக்குப் பணமோ பரிசோ கொடுத்தால் அவர்களுக்குத்தான் வம்பு. கடிதம் கொடுங்கள். தேதி, நேரம், பெயர் தெரிந்தால் பெயர், செய்த ஒரு குறிப்பிட்ட காரியம், இவை இருந்தால் அரைப் பக்கம் போதும். "நன்றாகக் கவனித்தார்" என்று எழுதாமல் "பிரேதப் பரிசோதனை முடியும்வரை என் அக்காவுக்கு உட்கார நாற்காலி போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து நிலவரம் சொன்னார்" என்று எழுதுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் கல்லூரி முதல்வருக்கு (டீன்), காவலர் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, 108 என்றால் அதன் மாவட்ட அலுவலகத்துக்கு. ஒரு நகலை அந்த ஊழியர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மேலே போனது அவர் காதுக்கு வராமலே கோப்பில் தங்கிவிடலாம்; நகலை அவர் பீரோவில் வைத்திருப்பார்.

ஊருக்குப் பொதுவாக

தனித்தனியாக எதுவும் வேண்டாம் என்று மறுத்துவிட்டால் டீக்கடையில் ஒரு முதலுதவிப் பெட்டி வைத்துவிட்டு வரலாம். 10 சென்டிமீட்டர் அகல ரோலர் பேண்டேஜ் பத்து, கிருமி நீக்கிய காஸ் பாக்கெட் இருபது, முக்கோணக் கட்டுத்துணி நான்கு, கையுறை ஒரு பெட்டி, மழுங்கிய முனைக் கத்தரி ஒன்று, சார்ஜ் செய்யும் டார்ச் ஒன்று, ஒளிரும் மேலங்கி இரண்டு, கம்பளி இரண்டு. மாத்திரை, டானிக் எதுவும் வைக்காதீர்கள்; காலாவதியாகும், யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெட்டி மூடியில் உள்ளே 108, 1033 இரண்டையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 1033 தேசிய நெடுஞ்சாலை உதவி எண். இறந்தவர் பெயரைப் பெட்டிமேல் எழுதுவது உங்கள் விருப்பம், ஆனால் கடைக்காரரைக் கேட்டுவிட்டு. வியாபாரம் நடக்கும் இடம் அது.

விபத்து நடந்த இடத்தில் பூப்போட விரும்பினால் நான்கு வழிச்சாலை ஓரத்தில் காரை நிறுத்தாதீர்கள். சர்வீஸ் ரோட்டிலோ ஊர்ப் பாதையிலோ நிறுத்தி நடந்து வாருங்கள். நடுத்திட்டுக்குப் போகவே கூடாது. கற்பூரம் காற்றில் நிற்காது, அதை அணையாமல் காக்கக் குனிந்து நிற்கும்போதுதான் பின்னால் வரும் வண்டி தெரியாமல் போகும். பூ மட்டும் போடுங்கள். ஒருவர் வண்டி வரும் திசையைப் பார்த்தபடியே நிற்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஊர் திரும்பியதும் அன்றிரவே "வந்து சேந்துட்டோம்" என்று ஒரு போன் போட்டுவிடுங்கள். அவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். அதன்பின் மாதாமாதம் கூப்பிட வேண்டாம். வருடம் திரும்பி உங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் வரும்போது பத்திரிகை அனுப்புங்கள். அதற்கு வேண்டியதைப் போன அன்றே கேட்டு எழுதிக்கொண்டால்தான் உண்டு: இனிஷியலோடு முழுப் பெயர், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், பின்கோடு.